முளுவாயிலிருந்து மதுரைக்கு: குமார கம்பணரின் படையும் குடும்பமும்

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் பக்கம் குடியிருப்பவர்களுக்கு முளபாகில் ஒன்றும் தூரத்து ஊர் அல்ல. பேத்தமங்கலத்தைத் தாண்டி வடகிழக்கே போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சிலருக்கு அங்கத்திய தோசை நினைவுக்கு வரும். சிலருக்கு ஆஞ்சநேயர் கோயிலும், பக்கத்திலிருக்கும் குருடுமலைப் பிள்ளையாரும். ஆனால் தமிழ்நாட்டின் வரலாற்றில் இந்த ஊருக்கு வேறொரு பெரிய இடம் உண்டு. 14-ம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் மேல் படையெடுத்துப் போன விஜயநகர இளவரசர் குமார கம்பணர், முளபாகிலில் இருந்துதான் ஆட்சி செய்தார். அன்றைய தமிழ் வழக்கில் ஊரின் பெயர் முளுவாய்.

ஐரோப்பாவில் சிலுவைப் போருக்குப் போன மன்னர்களைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. யாருக்கு யார் மகன், யாரை மணந்தார், யார் சிறைப்பட்டார், மனைவி எப்படி மீட்டார் என்று குடும்பக் கதையெல்லாம் துலக்கமாகத் தெரியும். நம் நாட்டில் அப்படி மதத்தின் பெயரால் நினைக்கப்படும் ஒரு போரை நடத்திய இளவரசர் ஒருவரின் வாழ்க்கை, அவருடைய மனைவியே எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. உலகத்தில் இதற்கு இணை மிகக் குறைவு. முதல் சிலுவைப் போர் நடந்தபோது கான்ஸ்டாண்டினோபிளை ஆண்ட பேரரசர் அலெக்சியோஸின் வரலாற்றை அவர் மகள் அன்னா கொம்னேனா எழுதினார். அங்கே அப்பாவைப் பற்றி மகள். இங்கே கணவரைப் பற்றி மனைவி கங்காதேவி. அவர் சமஸ்கிருதத்தில் இயற்றிய காவியம் 'மதுரா விஜயம்'. 'வீரகம்பராய சரிதம்' என்றும் அதற்குப் பெயர்.

கம்பணரின் குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். சங்கமர் என்பவருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள்: ஹரிஹரர், கம்பணர், புக்கர், மாரப்பர், முத்தப்பர். விஜயநகர அரசை எழுப்பியவர்கள் இந்த அண்ணன் தம்பிகள்தான். 1336 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்க ஆண்டு. 1346-ல் ஐவரும் சிருங்கேரி மடத்துக்குப் போய், பாரதி தீர்த்தருக்கு நிலதானம் செய்தார்கள். துங்கபத்திரைக் கரையில் ஹரிஹரர் இருந்தார். நெல்லூர்ப் பக்கம் உதயகிரியை இரண்டாமவர் கம்பணர் பார்த்துக்கொண்டார். மற்ற திசைகளையும் தம்பிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாட்டைக் குடும்பச் சொத்துபோல நிர்வகித்த காலம் அது. 1356-ல் ஹரிஹரருக்குப் பிறகு புக்கர் அரியணை ஏறினார்.

நம் கதாநாயகர் இந்தப் புக்கரின் மகன். பெரியப்பாவின் பெயரையே இவருக்கும் வைத்திருந்ததால், வேறுபடுத்திக் காட்ட 'குமார கம்பணர்' என்றார்கள். தமிழ்க் கல்வெட்டுகளில் இவர் கம்பண்ண உடையார். தாய் தேவாயி. சங்கமன் என்று உடன்பிறந்த தம்பி ஒருவரும் காவியத்தில் வருகிறார். பின்னாளில் இரண்டாம் ஹரிஹரர் என்று பேரரசரானவர் புக்கருக்கு கௌராம்பிகையிடம் பிறந்தவர். கம்பணருக்கு மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர்.

அப்போது தெற்கே நிலைமை எப்படி இருந்தது? மதுரையில் டெல்லி சுல்தானின் அதிகாரியாக இருந்த ஜலாலுதீன் அஹ்சன் கான் 1330-களின் நடுவில் தனி அரசராகிவிட்டார். அவருக்குப் பின் ஒருவர் மாற்றி ஒருவராக சுல்தான்கள் வந்தார்கள். கொலையில் முடிந்த ஆட்சிகளும் உண்டு. அவர்களில் கியாசுதீன் தாமகானியின் காலத்தில் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இங்கே வந்தார். வெளியூர்க்காரராக மட்டும் வரவில்லை. ஜலாலுதீனின் மகள் ஒருத்தியை இப்னு பதூதா மணந்திருந்தார். இன்னொரு மகளை கியாசுதீன் மணந்திருந்தார். ஆக, மதுரை அரண்மனைக்கு அவர் மாப்பிள்ளை முறை. அப்படி உறவுக்காரராக இருந்தும், தான் கண்ட கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. பிடிபட்ட கிராமத்து ஆண்களைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் எழுதி, வேறெந்த அரசனும் செய்து தான் அறியாத இழிசெயல் இது என்று மனம் வெந்து குறித்திருக்கிறார். மதுரையில் கொள்ளைநோய் பரவி, மக்கள் ஒன்றிரண்டு நாளில் மடிந்ததும் அவர் குறிப்பில் இருக்கிறது.

போசள மன்னர் மூன்றாம் வல்லாளரின் முடிவையும் அவர்தான் சொல்கிறார். திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டு, எண்பது வயதைத் தொட்டும் மதுரையோடு மல்லுக்கு நின்ற கிழவர் வல்லாளர். 1342-ஐ ஒட்டி கண்ணனூர்க் கொப்பம் முற்றுகையில் ஏமாற்றப்பட்டுப் பிடிபட்டார். செல்வத்தையெல்லாம் கறந்துகொண்ட பிறகு அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். வல்லாளரின் படையில் சுமார் இருபதாயிரம் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள் என்பதும் அவர் தரும் தகவலே. இந்தச் சண்டைகளை இரு மதங்களின் மோதல் என்று ஒரே வரியில் முடித்துவிட விரும்புகிறவர்கள் இந்தத் தகவலை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும்.

போசளர்கள் ஓய்ந்ததும் அந்த வெற்றிடத்தில் நுழைந்தது விஜயநகரம். தமிழகத்துக்குள் இறங்க வாசலாக முளுவாய் அமைந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மேல் விளிம்பு அது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு கோலார் சீமையில் ஓடி, பேத்தமங்கலத்தில் ஏரியாகத் தேங்கி, அப்படியே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று இறங்குகிறது. பின்னாளில் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளுக்குக் குடிநீர் தந்ததும் இதே பேத்தமங்கலத்து ஏரிதான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தொடங்கிய பிறகு, வட ஆற்காட்டு மக்கள் பிழைப்புக்காக ஏறி வந்த பள்ளத்தாக்கு வழி இது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கம்பணரின் படை இந்தச் சரிவில்தான் இறங்கிப் போனது.

போருக்கு முன் தந்தை மகனுக்குச் செய்த உபதேசத்தைக் காவியத்தின் மூன்றாம் சருக்கம் விரிக்கிறது. இளமையும் செல்வமும் அதிகாரமும் ஆளைக் கெடுக்கும் என்று எச்சரித்துவிட்டு, புக்கர் வேலைக்கு வருகிறார். முதலில் தொண்டை மண்டலத்துச் சம்புவராயரை அடக்கு. அது முடிந்தால் மதுரை எளிது என்கிறார். இந்த இடம்தான் கங்காதேவியின் நூலில் மிக முக்கியமான இடம் என்று தோன்றுகிறது. படைவீட்டில் இருந்து ஆண்ட சம்புவராயர்கள் தமிழ் மன்னர்கள், சைவ வைணவக் கோயில்களுக்கு வாரிக் கொடுத்தவர்கள். மதுரையை மீட்கப் போகிறவரின் முதல் எதிரி அவர்கள். சிலுவைப் போர்க்காரர்கள் ஜெருசலேமுக்கென்று கிளம்பி, 1204-ல் கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டாண்டினோபிளைச் சூறையாடியது நினைவுக்கு வருகிறது. வழியில் இருப்பவரின் மதம் எதுவானாலும், நாட்டைப் பிடிக்கும் கணக்கு தனியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

விஜயநகரத்திலிருந்து கிளம்பிய கம்பணர் ஐந்தாறு நாளில் முளுவாயை அடைந்தார் என்கிறது காவியம். அங்கே படையைத் திரட்டி, விரிஞ்சிபுரத்துக்கு இறங்கிப் பாசறை போட்டார். சம்புவராயர் ராஜகம்பீரன் மலைக்கோட்டைக்குள் புகுந்துகொண்டார். முற்றுகை, ஏணி வைத்து மதிலேறல், கடைசியில் இருவரும் வாளோடு நேருக்கு நேர். கம்பணர் வென்றார். இது 1360-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. அதன்பின் சம்புவராயர்களின் தனியாட்சி முடிந்து, காஞ்சிபுரம் உள்ளிட்ட தொண்டை மண்டலம் விஜயநகரத்தின் கைக்குப் போனது.

மதுரைக்கு உடனே போகவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டு கம்பணர் தொண்டை மண்டலத்தை ஆண்டுகொண்டிருந்தார். காவியம் வேகமெடுக்கும் இடம் போர்க்களம் என்றால், அது மனிதர்களோடு பேசும் இடம் இந்த நடுப்பகுதி. பருவகாலங்கள், நீராட்டு, அந்தப்புரத்து மாலைப்பொழுதுகள் என்று சருக்கங்கள் போகின்றன. கம்பணருக்கு வேறு மனைவியரும் இருந்தார்கள். கங்காதேவி அதை ஒளிக்கவில்லை. ஏழாம் சருக்கத்தில் ஒரு காட்சி. பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வருகிறது, நிலா எழுகிறது. கம்பணர் பக்கத்தில் இருக்கும் கங்காதேவியைப் பார்த்து, இந்த வேளையை நீயே பாடிக் காட்டு என்று கேட்கிறார். அவர் பாடுகிறார். தன் காவியத்துக்குள் தானே ஒரு பாத்திரமாக வந்து, கணவர் கேட்க, கவிஞராகவே நின்று பாடும் பெண்ணை இந்தியக் காவியங்களில் வேறெங்கே தேடுவது?

அந்தக் கவிஞர் எதைப் படித்து வளர்ந்தார் என்பதற்கும் நூலிலேயே விடை இருக்கிறது. தொடக்கத்தில் குரு கிரியாசக்தியை வணங்கிவிட்டு, காளிதாசர், பாணர், பாரவி, தண்டி, பவபூதி என்று முன்னோரை வரிசையாகப் போற்றுகிறார். அந்த வரிசையில் தெலுங்கு மகாபாரதம் தந்த திக்கனருக்கும் இடமுண்டு. அதனால்தான் கங்காதேவியின் தாய்மொழி தெலுங்காக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கடைசியில் விஸ்வநாதர் என்ற கவிஞரின் அருளால் தனக்கு அறிவு வாய்த்தது என்று நன்றி சொல்கிறார். கன்னட நாட்டு அரசவை, தெலுங்குப் பிடிப்புள்ள ராணி, தமிழ் மண்ணில் போர், சமஸ்கிருதத்தில் காவியம். கோலார்க்காரர்களுக்கு இந்தக் கலவை புதிதாக இருக்காது. நாலு மொழி ஒரே தெருவில் புழங்கும் சீமை அது.

எட்டாம் சருக்கத்தில் ஒரு பெண் கம்பணர் முன் வந்து நிற்கிறாள். தெற்கே ஊர்களும் கோயில்களும் பட்ட பாட்டை அவள் சொல்லச் சொல்ல, படிப்பவருக்கு நெஞ்சு அடைக்கும். கரையான் அரித்த கோயில் கதவுகள், விரிசல் விட்ட கருவறைகள், தென்னஞ்சோலைகளை வெட்டிய இடத்தில் நட்ட கழுமரங்கள், கால் மாறி ஓடும் காவிரி. திருவரங்கத்தில் இடிந்து விழும் செங்கல் பெருமாள் மேல் படாதபடி ஆதிசேஷன் படம் விரித்துக் காக்கிறான் என்கிறாள். பிறகு பாண்டியரின் தெய்வ வாளைக் கையில் கொடுத்துப் போகச் சொல்கிறாள். கவிதைக்குரிய மிகை இதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடிப்படை பொய்யல்ல என்பதற்கு இப்னு பதூதாவின் குறிப்பும், சிவகங்கைச் சீமைத் திருக்கோளக்குடிக் கல்வெட்டும் சாட்சி. துலுக்கர் காலத்தில் தடைப்பட்ட பூசைகளை மறுபடி நடத்த, கம்பணர் கோயில்களுக்கு மேற்பார்வை நாயக்கர்களை நியமித்தார் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது.

அதே கம்பணரின் இன்னொரு கல்வெட்டு காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது, ஆண்டு 1364. இந்தப் பழைய பல்லவர் கோயில் மூடிக் கிடந்தது. அதன் நிலமெல்லாம் பக்கத்திலிருந்த அனேகதங்காவதக் கோயிலுக்குப் போயிருந்தது. மூடியது சுல்தான் அல்ல; குலோத்துங்க சோழன் காலத்து ஏற்பாடு அது. நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, கைலாசநாதரை மறுபடி திறக்க உத்தரவு போட்டது கம்பணரின் நிர்வாகம். காவியம் காட்டும் வாள்வீரரை விட, கோப்பு பார்த்து, நிலக்கணக்குத் தீர்த்து, பழைய வழக்குகளை முடித்துவைக்கும் இந்த அதிகாரியின் பக்கம் நம்மிடம் குறைவாகவே பேசப்படுகிறது. அது பெரிய குறை.

அந்த உத்தரவை அனுப்பியவர் பெயர் கோப்பணர். காவியம் பாடாத பெருமை இவருடையது. கோபணார்யர் என்றும் சொல்வார்கள். செஞ்சியில் இருந்து நிர்வாகம் பார்த்தவர். திருவரங்கத்து உற்சவர் படையெடுப்புக்குத் தப்பி ஊர் ஊராகத் திரிந்து, திருமலையில் இருந்தார். கோப்பணர் அவரைச் செஞ்சிக்கு அருகே சிங்கவரத்துக் குடைவரைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, வழி திறந்ததும் 1371-ல், சக ஆண்டு 1293-ல், திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். இதைச் சொல்லும் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. வேதாந்த தேசிகர் பாடியவை அவை என்பது வைணவ மரபு.

திருவரங்கக் கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு சொல்லும் கதை இன்னும் ஒரு படி மேல். பெருமாள் திரும்பி வந்தபோது, இடைக்காலத்தில் வைத்துப் பூசித்த வேறொரு திருமேனியும் கோயிலில் இருந்தது. எது பழையவர் என்று சொல்ல ஆள் இல்லை; பார்த்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர் கிடைத்தார். பெருமாளின் ஆடைகளைத் துவைத்துப் பழகிய ஈரங்கொல்லி. இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் வைத்தவர், இவரே நம்பெருமாள் என்று கூவினார். அந்தப் பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

மதுரைப் போரின் உச்சமாகக் கங்காதேவி காட்டுவது, கம்பணர் சுல்தானின் தலையை வெட்டி வீழ்த்தும் காட்சி. நாணயங்கள் காட்டும் கதை கொஞ்சம் நீளமானது. 1371-க்குப் பிறகும் சிக்கந்தர் ஷா என்ற சுல்தானின் காசுகள் 1377-78 வரை கிடைக்கின்றன. ஆகவே ஒரே போரில் எல்லாம் முடிந்துவிடவில்லை. கம்பணரின் அடியில் அந்த அரசு நொறுங்கி, சில ஆண்டுகள் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்து மறைந்தது. இது காவியத்தின் மதிப்பைக் குறைக்காது. கணவரின் வெற்றியைப் பாட உட்கார்ந்தவர் காசுக் கணக்கு எழுதவில்லை.

தந்தை புக்கரின் போக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் குடும்பம் முழுதாக விளங்கும். தெற்கே மகன் சுல்தானோடு மோதத் தயாராகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1368-ல், சமணர்களுக்கும் வைணவர்களுக்கும் மூண்ட சச்சரவை புக்கர் தீர்த்துவைத்தார். இரண்டு தரிசனத்துக்கும் வேறுபாடு இல்லை, வைணவர்களே சமணர்களைக் காக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பு சிரவணபெளகொளாவில் கல்லில் இருக்கிறது. தங்களை 'இந்துராய சுரத்ராணர்' என்று, சுல்தான் பட்டத்தையே விரும்பி எடுத்துச் சூடிக்கொண்டவர்களும் இந்தக் குடும்பத்தார்தான். 1374-ல் சீனத்து மிங் பேரரசருக்குத் தூது அனுப்பினார் புக்கர்.

அதே 1374-ல் கம்பணர் இறந்தார். தந்தைக்கு முன்னால் மகன் போய்விட்டார். புக்கர் 1377-ல் காலமானபோது, தெற்கை வென்றவருக்கு வந்திருக்கக்கூடிய அரியணை கௌராம்பிகையின் மகன் இரண்டாம் ஹரிஹரருக்குப் போனது. கம்பணரின் மகன் ஜம்மண உடையார் தமிழகத்தில் சில காலம் தந்தையின் இடத்தில் இருந்தார். அந்தக் கிளை அதற்கு மேல் தழைக்கவில்லை. தெற்கு நிர்வாகம் ஹரிஹரரின் மகன் விரூபாட்சரிடம் சேர்ந்தது. செஞ்சிக்கு அருகே ஆலம்பூண்டியில் 1383-ல் தானம் கொடுத்தவர் அவர். பெரியம்மா கங்காதேவியைப் போல் அவரும் எழுத்தாளர். 'நாராயணீ விலாசம்' என்ற வடமொழி நாடகம் அவருடையது. கம்பணரோடு மதுரைக்குப் போன தளபதி சாளுவ மங்குவின் வம்சமோ நூறு ஆண்டு கழித்துப் பேரரசையே பிடித்தது. 1485-ல் அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர் அந்த வழியில் வந்தவர்.

கங்காதேவிக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அவருடைய காவியமே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் காணாமல் கிடந்தது. 1916 வாக்கில் திருவனந்தபுரத்தில் பண்டிதர் என். ராமசாமி சாஸ்திரி ஒரு பழைய ஏட்டுத் தொகுப்பைப் புரட்டியபோது, சம்பந்தமில்லாத இரண்டு நூல்களுக்கு நடுவே செருகியிருந்த 61 ஓலைகளில் இது அகப்பட்டது. ஓலைகள் சிதைந்திருந்தன, பல செய்யுள்கள் பாதியில் நிற்கின்றன, இடையிடையே பகுதிகள் விழுந்துபோயிருக்கின்றன. 1924-ல் அங்கேயே அச்சானது. 1957-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரலாற்று முன்னுரையோடு மறுபடி பதிப்பித்தது.

கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905-ல் 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையின் பத்தாம் தொகுதியாக வெளியிட்டார். அதைப் புரட்டினால் தமிழ்க் கல்வெட்டுகளின் எண்ணிக்கையே மலைக்க வைக்கும். கோலார்ச் சீமை சோழர் காலத்திலேயே நிகரிலிசோழ மண்டலமாக இருந்தது அல்லவா. முளுவாய் ராஜ்ஜியத்தை ஆண்ட அதிகாரிகளின் பெயர்கள் கம்பணருக்குப் பிறகும் அதில் தொடர்ந்து வருகின்றன. 1430-களில், இரண்டாம் தேவராயர் காலத்தில், இங்கே அதிகாரம் செய்தவர்கள் லக்கண்ண தண்டநாயக்கரும் அவருடைய சகோதரர் மாதண்ணரும். லக்கண்ணர் பின்பு தெற்கே அனுப்பப்பட்டு, கடல் கடந்து இலங்கை வரை படை நடத்தினார். அவரும் முளுவாயிலிருந்து மதுரைக்குப் போய்த்தான் அந்தச் சீமையை ஆண்டார்.